ஒரு கண்ணும் இரண்டு எஞ்சினும்

கல்யாண வீட்டில் அட்சதை போடும் நேரத்தில் நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அரிசிதானே என்பீர்கள். உங்களுக்கு இரண்டு கண் இருக்கிறது, நீங்கள் பேசலாம். எனக்கு இருப்பது இடது கண் ஒன்றுதான். வலது கண்ணைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நிட்டிங் மிஷின் எடுத்துக்கொண்டது.

அப்போது நான் திருப்பூரில் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். வட்டமான பெரிய மிஷின். ஆயிரக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்கித் துணியைப் பின்னித் தள்ளும். துணியில் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. மிஷினை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். புதுசாக வந்தவனுக்கு அதைத்தான் நானே முதல் பாடமாகச் சொல்லுவேன். அன்றைக்கு நிறுத்தவில்லை, குனிந்து பார்த்தேன். ஓர் ஊசி உடைந்து அதன் கொக்கி தெறித்தது. எள்ளில் பாதிகூட இருக்காது. பெரிய வலியும் இல்லை. கண்ணில் யாரோ வெந்நீர் ஊற்றியது போல இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. வீட்டில் கடுகு தாளித்தால் வாசலுக்குப் போய்விடுவேன். தெருவில் கிரிக்கெட் ஆடினால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். தீபாவளிக்கு மூன்று நாள் வெளியே தலை காட்டமாட்டேன். ஓடுகிற மிஷின் பக்கம் போனால் கால் நடுங்கும் என்பதால் கம்பெனியில் துணி செக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். “கடவுள் ரெண்டு குடுத்ததே இதுக்குத்தானுங்க, ஒண்ணு போனா ஒண்ணு இருக்குதில்ல” என்று ஒரு பெரிய மனுஷர் ஆறுதல் சொன்னார். அவருடைய இரண்டில் ஒன்றைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொருத்தன், “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று சிரித்தான். என்னிடம் வந்து கண்ணைப் பற்றிப் பழமொழி! டீ கிளாஸை அவன் மேல் வீசியிருப்பேன். வீசினாலும் இரண்டடி தள்ளித்தான் விழும் என்று தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

ஒரு கண் போனால் பாதி உலகம் மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போவது தூரம். சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றினால் தண்ணீர் வெளியே விழும். எதிரே வரும் பஸ் வருகிறதா நிற்கிறதா என்று தெரியாது. அது பெரிதானால்தான் வருகிறது என்று தெரியும், அதற்குள் பக்கத்தில் வந்திருக்கும். முகத்துக்கு நேராக வருகிற சாமானைப் பார்த்தால் அது காற்றில் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். பத்து வருஷம் பழகி ஓரளவு சமாளிக்கிறேன். பயம் மட்டும் பழகவில்லை. இருக்கிற ஒன்றும் போய்விட்டால் என்ன ஆவேன் என்று நினைக்காமல் ஒரு நாளும் விடிந்ததில்லை.

இப்படிப்பட்டவன் எதற்கு பிளேன் செய்யப் போனான் என்று கேட்டால், அந்தப் பயத்தால்தான் போனேன்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ வந்தது. மைதானத்தின் நடுவில் ஒருவர் நிற்கிறார். கையில் ஒரு பிடி. அந்தப் பிடியிலிருந்து மயிர் போல மெல்லிய இரண்டு எஃகுக் கம்பிகள் நீண்டு போய் ஒரு சின்ன பிளேனின் இறக்கையில் முடிகின்றன. பிளேன் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது; அவரும் அதோடு சேர்ந்து சுற்றுகிறார். பிடியை மேலே சாய்த்தால் பிளேன் ஏறுகிறது, கீழே சாய்த்தால் இறங்குகிறது. கம்பியின் நீளம் நாற்பது அடி. கம்பி விறைப்பாக இருக்கிறவரை பிளேன் நாற்பதடியில்தான் இருக்கும், முப்பத்தொன்பதுக்கு வராது. அதை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். சாப்பாட்டு நேரம் முடிந்ததுகூடத் தெரியவில்லை. அவ்வளவு வேகமாக ஓடுகிற ஒரு சாமான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் அளக்க வேண்டியதே இல்லை, கை சொல்லிவிடும் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

என் மனைவி எங்கள் ஊர் ராயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கார்மெண்ட்ஸில் ஓவர்லாக் டெய்லர். பனியனின் தோளும் பக்கமும் அவள் கையில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் துணி தானாகவே போய் ஊசிக்கு அடியில் படுத்துக்கொள்வது போல இருக்கும். கைவேகத்துக்கு அந்த லைனில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவளிடம் வீடியோவைக் காட்டினேன்.

“ஏனுங்க, அட்சதைக்கே ஓடி ஒளியற ஆளு நீங்க. இது எதுக்குங்க உங்குளுக்கு?”

“கம்பி இருக்குதில்ல. கிட்ட வராது.”

“கம்பி அந்துபோனா?”

“அந்துபோனா வெளியத்தான் போகும். நம்ம பக்கம் வராது.”

“இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதையும் கொண்டுபோயி காத்தாடிக்குக் குடுக்கோணுமா?”

கோபத்தில் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, “ஊட்ல உக்காந்துக்கிட்டு எந்நேரம் போன் வருமோன்னு பயந்துக்கிட்டு இருக்கறதுக்கு, கூடவே வந்தறேன்” என்றாள். அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: மரம் அறுத்தாலும் எஞ்சினைத் தொட்டாலும் கண்ணுக்குக் காப்பாகப் போடுகிற பிளாஸ்டிக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. சரி என்றேன். அது எனக்கும் வேண்டியதுதான்.

கோயமுத்தூரில் இதை விளையாடுகிற நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டு, ஒற்றை எஞ்சின் வைத்த பிளேன் ஒன்று செய்து ஒரு வருஷம் ஓட்டினேன். பொங்கலூர்ப் பக்கம் அவளுடைய சொந்தக்காரர் ஒருவருடைய மானாவாரிக் காடு, மழையை நம்பி விதைக்கிற நிலம், சும்மா கிடந்தது. மரம் இல்லை, மேலே கரண்ட் கம்பி இல்லை. கரண்ட் கம்பி இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. கையில் பிடித்திருப்பது எஃகுக் கம்பி அல்லவா. முதல் நாள் அந்தக் காட்டின் நாலு மூலைக்கும் நடந்து போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தும் பயம் போகாமல் இன்னொரு சுற்று நடந்தேன்.

எங்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டது. அவள் பிளேனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள். நான் எஞ்சினை ஓட விட்டு, நடுவுக்குப் போய்ப் பிடியை எடுத்துக் கையைத் தூக்குவேன். அவள் விட்டுவிட்டு, ஒரு சுற்று முடிவதற்குள் குனிந்தபடியே ஓடி வந்து என் காலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வாள். நடுவில் இருப்பதுதான் பத்திரம். அங்கிருந்து, “இழுக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். “இழுக்குது” என்பேன். கம்பி தொய்ந்தால் செய்ய வேண்டியது என்ன என்று கோயமுத்தூர்க்காரர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பின்பக்கமாக நாலைந்து எட்டு ஓட வேண்டும், விறைப்பு வந்துவிடும். பிடியை விடக் கூடாது. பிளேன் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. இதை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, எனக்கு இரண்டு எஞ்சின் ஆசை வந்தது.

காரணம் சத்தம். கண் போன பிறகு காது கூர்மையாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், அதெல்லாம் சும்மா. ஆனால் ஃபிட்டராக இருந்தவனுக்கு மிஷின் சத்தம்தான் தாய்மொழி. இரண்டு எஞ்சின்கள் கொஞ்சம் முன்னே பின்னே ஓடினால் சத்தம் அலை அலையாக ஏறி இறங்கும். திருகைத் தொட்டுத் தொட்டு இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தால் அலை நின்று ஒரே நீளமான குரலாகிவிடும். அதை என் காதால் கேட்க வேண்டும் என்று இருந்தது. விளையாட்டை விட்டுவிட்ட ஒருவரிடம், விரல் நீளம்கூட இல்லாத இரண்டு எஞ்சின்களை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாங்கிவந்த பிறகுதான் பயம் பிடித்தது. இரண்டு எஞ்சின் பிளேனில் ஒரு கண்டம் உண்டு. பிளேன் நம்மைச் சுற்றும்போது ஓர் எஞ்சின் நம் பக்கத்து இறக்கையில் இருக்கும், இன்னொன்று வெளிப்பக்கத்து இறக்கையில். வெளி எஞ்சின் முதலில் நின்றால் தப்பு இல்லை. உள் எஞ்சின் மூக்கை வெளியே தள்ளும், கம்பி இன்னும் விறைக்கும். உள் எஞ்சின் முதலில் நின்றால், வெளி எஞ்சின் மூக்கை நம் பக்கம் திருப்பிவிடும். கம்பி தொய்யும். பிளேன் நேராக நடுவுக்கு, நம் முகத்துக்கு வரும். வருவது எனக்குத் தெரியாது.

பிளேனைக் கட்டி முடிக்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே நினைப்புதான். பால்சா மரம் தெர்மாகோல் போல லேசானது. பிளேடால் அறுத்து, விலா விலாவாக ஒட்டி இறக்கை கட்டினேன். ஒரு சிராய் பறந்தால் போதும், கண்ணாடி போட்டிருந்தும் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ராத்திரி கனவில் உள் எஞ்சின் நிற்கும். விடிந்ததும் டேங்க்கைப் பிரிப்பேன். ஊசிபோடும் சிரிஞ்சால் அளந்து, வெளி எஞ்சினுக்கு எண்ணெய் குறைவாகவும் உள் எஞ்சினுக்குக் கூடுதலாகவும் ஊற்றினால் வெளி எஞ்சின்தான் முதலில் நிற்கும். மொட்டை மாடியில் பலகையில் எஞ்சின்களை முடுக்கி வைத்து ஓட்டிப் பார்த்தேன். இருபது தடவை. இருபது தடவையும் வெளி எஞ்சின்தான் முதலில் நின்றது. பக்கத்து வீட்டம்மா வந்து, “இது என்னங்க நித்தமும் மாவு மிஷினாட்டம்!” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். நான் இருபத்தொன்றாவது தடவை ஓட்டினேன்.

இறக்கையின் மேல் உறை போட வேண்டியதுதான் பாக்கி. கோயமுத்தூர்க்காரர்கள் அதற்கென்று விற்கிற பட்டுத்தாளையோ பிளாஸ்டிக் படலத்தையோ போடுவார்கள். நான் திருப்பூர்க்காரன். துணிக்குப் போய் வெளியில் காசு கொடுப்பேனா? கம்பெனியில் லைனிங்குக்கு வந்த மெல்லிய சிங்கிள் ஜெர்சி பனியன் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். ஊதினால் பறக்கும் துணி. அதை இறக்கையில் ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்தால் காய்ந்து சுருங்கி முரசுத் தோல் போல விறைத்துக்கொள்ளும்.

மனைவி துணியை விரல் இடுக்கில் வைத்து இழுத்துப் பார்த்தாள்.

“ஜெர்சி வேண்டாமுங்க. முறுக்கிக்கும்.”

திருப்பூரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சிங்கிள் ஜெர்சி பனியனைத் துவைத்தால் பக்கத் தையல் மெல்ல முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும். நூலின் முறுக்கு அப்படி. பத்து வருஷமாக அந்த முறுக்கை அளந்து பாஸ், ரிஜெக்ட் போடுவதுதான் என் வேலை. அதனால்தான் கோபம் வந்தது.

“எனக்கே துணியப் பத்திச் சொல்லித்தர்றயா? தைக்கறது உன்ற வேலை. துணி என்ற வேலை.”

“சரிங்க, நான் ஒண்ணும் சொல்லல” என்று அவள் துணியை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

நானே ஒட்டி நானே வார்னிஷ் அடித்தேன். இரண்டு நாள் காய்ந்தது. மேஜை மேல் வைத்துப் பார்த்தபோது இடது இறக்கை படிந்து உட்கார்ந்தது. வலது இறக்கையின் நுனி முறுகியிருந்தது. பின் விளிம்பு ஒரு தீக்குச்சி கனத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. வெளிப்பக்கத்து இறக்கை அது. பின் விளிம்பு இறங்கினால் அந்தப் பக்கம் அதிகமாகத் தூக்கும், பிளேன் உள்பக்கம் சாயப் பார்க்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. உரித்துவிட்டு மறுபடி ஒட்டுவதென்றால் இரண்டு ஞாயிறு போகும், அவள் சொன்னது சரி என்றும் ஆகிவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்கேலை எடுத்து முறுக்கை அளந்தேன். இறக்கையின் அகலத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு சதவீதம்கூட வரவில்லை. பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் ஐந்து சதவீதம் வரை ஒத்துக்கொள்வார்கள். பாஸ் என்று வாய்விட்டே சொன்னேன். பனியனுக்குப் போடுகிற கணக்கை இறக்கைக்குப் போட்ட மசையன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காட்டுக்குப் போய்விட்டோம். பொங்கலூர்ப் பக்கம் ஒன்பது மணிக்கு மேல் மேற்கேயிருந்து காற்று எடுக்கும். அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் உள் எஞ்சின் கிளம்பவில்லை. சைக்கிள் டியூப் சுற்றிய குச்சியால்தான் எஞ்சினின் விசிறியைத் தட்டுவேன், கையால் தொடமாட்டேன். தட்டித் தட்டித் தோள் வலித்தது. நம்மைக் கொல்லப் போவது இந்த எஞ்சின்தான் என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்த எஞ்சின் அது. அதுவே மக்கர் செய்தால் எப்படி இருக்கும்? பிரித்து, துடைத்து, மாட்டி, ஒன்பதரை மணிக்கு இரண்டும் ஓடின. தூரத்தில் காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்திருந்தன.

“காத்து வந்துருச்சுங்க” என்றாள், பிளேனை அழுத்திப் பிடித்துக்கொண்டே. “இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க.”

“இன்னொரு நாளு ஓவர்டைம்னு சொல்லுவே. வுடு, அஞ்சு நிமிஷந்தான்.”

“சொன்னாக் கேக்கோணும்.”

“எஞ்சின் ஓடுது, இப்ப நிறுத்தச் சொல்றயா?”

நான் நடுவுக்குப் போய்ப் பிடியை எடுத்துக் கையைத் தூக்கினேன். விட்டாள்.

பிளேன் எழுந்தது. அவள் குனிந்து ஓடி வந்து என் வலது காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஞ்சின் சத்தம் முதலில் அலையாக வந்தது, மூன்றாவது சுற்றில் ஒன்றாகிவிட்டது. ஒரே குரல். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஓடுகிற மிஷின் ஒன்றைப் பயமில்லாமல் கேட்டேன். அது இரண்டு சுற்றுக்குத்தான்.

“இழுக்குதுங்களா?”

“இழுக்குது.”

காற்று பலத்தது. மேற்குப் பக்கம் போகும்போதெல்லாம் காற்று பிளேனை என் பக்கம் தள்ளியது, அங்கே கம்பி கொஞ்சம் இளகியது. கிழக்கே வந்தால் மறுபடி விறைத்தது. இறக்கலாம் என்றால் எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நிற்க வேண்டும். அதுவரை சுற்றத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது. நான் உள் எஞ்சினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நிற்காதே, நிற்காதே, சாமி, நிற்காதே. அது நிற்கவில்லை. இரண்டும் தேனாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

“இழுக்குதுங்களா?”

“இழுக்குது.”

அடுத்த சுற்றில் மேற்கே போனபோது முறுகின இறக்கைக்கு அடியில் காற்று புகுந்து தூக்கியது. பிளேன் என் பக்கம் சாய்வதைப் பார்த்தேன். அதன் முதுகு முழுசாகத் தெரிந்தது. கையில் ஒன்றும் இல்லை. நாற்பதடியும் இழுத்துக்கொண்டிருந்த கம்பி திடீரென்று வெறும் நூலாகிவிட்டது.

“இழுக்குதுங்களா? ஏனுங்க, இழுக்குதா?”

பிளேன் வானத்தில் அசையாமல் நின்றது. நின்றபடியே பெரிதானது.

இந்த இடத்தை நான் இதுவரை யாரிடமும் உள்ளது உள்ளபடி சொன்னதில்லை. பின்பக்கம் ஓடப் பார்த்தேன், கால் தடுக்கிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். நான் ஓடவில்லை. பிடியைப் போட்டேன், இரண்டு கையாலும் முகத்தை மூடினேன், கண்ணை இறுக்கிக்கொண்டேன். மனப்பாடமாக வைத்திருந்ததில் ஒன்றையும் செய்யவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

எஞ்சின் சத்தம் மேலே வந்தது. என்னவோ என் மேல் மோதித் தள்ளியது, விழுந்தேன். மரம் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஓர் எஞ்சின் மண்ணில் கொஞ்ச நேரம் கத்திவிட்டு நின்றது. முகத்தில் சூடாக ஏதோ வழிந்தது. கண்ணாடி எங்கோ போயிருந்தது. அந்தச் சூடு எனக்குத் தெரிந்த சூடு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே வெதுவெதுப்பு.

“போச்சு” என்று கத்தினேன். “போச்சு புள்ள, இதுவும் போச்சு.”

“கண்ணத் தொறங்க.” அவள் குரல் பக்கத்தில் கேட்டது.

“மாட்டேன்.”

“மாமா, தொறந்து பாருங்க.”

“மாட்டேன்னு சொல்றேனில்ல!”

திறக்காதவரை போனதா இருக்கிறதா என்று தெரியாது. திறந்து இருட்டாக இருந்துவிட்டால்? அந்த ஒரு நிமிஷத்தை என்னால் தாங்க முடியாது. இமையை இறுக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து சின்னப் பையன் மாதிரி அழுதேன். அவள் கொஞ்ச நேரம் கெஞ்சினாள். பிறகு கெஞ்சவில்லை. என் தோள் துண்டை உருவியது தெரிந்தது. துணி கிழிபடும் சத்தம் கேட்டது. பாதியை என் முகத்தைச் சுற்றிக் கட்டினாள், ஒரு கையால் கட்டுவது போல, தாறுமாறாக. அதையும் குறை சொன்னேன். “ஒழுங்காக் கட்டு, கண்ண அமுக்கறே” என்று சீறினேன்.

அவள் என்னைப் பிடித்து ரோட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். பல்லடம் போகிற கோழி வண்டி ஒன்று நின்றது. வண்டி ஓட்டியவன் பேச்சு தெற்கத்திப் பேச்சு. “என்னக்கா ஆச்சு? ஏறுங்க, ஏறுங்க” என்றான். முன்னால் மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்தோம். பின்னால் கூண்டுகளில் கோழிகள் கத்திக்கொண்டே வந்தன. எனக்குத் தெரிந்தது அந்த நாற்றமும் வண்டியின் ஆட்டமும்தான். இனி எல்லாமே இப்படித்தான் இருக்குமா, வாசனையும் சத்தமும்தானா என்று நினைத்தேன். யார் எனக்குச் சோறு போடுவார்கள், யார் கக்கூஸுக்குக் கூட்டிப் போவார்கள் என்றெல்லாம் புத்தி ஓடியது. அவளிடம் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

“நான் பாத்துக்கறனுங்க” என்றாள் ஒவ்வொரு தடவையும்.

நடுவில் ஓரிடத்தில் வண்டிக்காரன், “அக்கா, ஒங்க கையி...” என்று ஆரம்பித்தான்.

“நீங்க வெசயாப் போங்க தம்பி” என்று அவள் வெட்டினாள்.

அது என் காதில் விழுந்தது. விழாதவன் மாதிரி இருந்துகொண்டேன். கேட்டிருந்தால் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டி வந்திருக்கும்.

பல்லடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் நர்ஸ்கள் ஓடி வந்து என்னைத்தான் படுக்க வைத்தார்கள். சட்டை முன்பக்கமெல்லாம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இளம்வயதுப் பெண் டாக்டர் போல, குரல் அப்படி இருந்தது.

“கண்ணை மெதுவாத் திறங்கய்யா.”

“முடியாதுங்க.”

“அவருக்கு ஒரே கண்ணுங்க டாக்டர்” என்றாள் என் மனைவி தலைமாட்டில் நின்றுகொண்டு. “அத மொதல்ல பாருங்க. மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம்.”

துண்டை அவிழ்த்தார்கள். ஈரப் பஞ்சால் துடைத்தார்கள். டாக்டர் இரண்டு விரலால் என் இமையைப் பிரித்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளப் பார்த்தேன், விடவில்லை. வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. வெள்ளையாக, கூசுகிற வெளிச்சம். லைட்டை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். மூன்று என்றேன். மூன்றுதான்.

“கண்ணு நல்லா இருக்கு. ஒரு கீறல்கூட இல்ல” என்றார். பிறகு என் நெற்றி, கன்னம், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். “உங்க மேல காயமே இல்லீங்களே. இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வந்துச்சு?”

“கண்ணு நல்லா இருக்குதுங்களா? நல்லாப் பாத்துட்டீங்களா?” என்று என் மனைவி கேட்டாள்.

“நல்லா இருக்கும்மா.”

அதற்குப் பிறகுதான் அவள் வலது கையில் சுற்றியிருந்த, ரத்தத்தில் ஊறிய மீதித் துண்டைப் பிரித்தாள்.